கழுவிக்கொண்டு வந்த வண்டி

வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் போகிற சர்வீஸ் ரோடில் இருபத்தாறு வருஷமாக ஷெட் வைத்திருக்கிறேன். ஆயிரம் வண்டி பார்த்திருப்பேன். ஃபால்ட் கண்டுபிடித்த கதைகளை எல்லா மெக்கானிக்கும் சொல்வான். டீக்கடையில் உட்கார்ந்தால் அதற்குக் குறைவே இல்லை. நான் கண்டுபிடிக்காமல் விட்டதை எழுதுகிறேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

ஷெட் சட்டம்

என் ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. பச்சைத் தோல் ஏற்றுகிற வண்டி எதுவானாலும் வாட்டர் சர்வீஸில் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகுதான் உள்ளே வர வேண்டும். வாசலில் தமிழிலும் உருதுவிலும் எழுதிப் போட்டிருந்தேன்.

பச்சைத் தோல் என்றால் ஆடு மாடு உரித்ததும் கெட்டுப்போகாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்கிய தோல். லாரியில் ஏற்றினால் வழியெல்லாம் உப்புத் தண்ணி வடியும். நாற்றம் ஷெட்டில் நுழைந்தால் மூன்று நாளைக்குப் போகாது. ஏலகிரிக்கு டூர் போகிற கார்க்காரர்கள் பிரேக் பார்க்க என் ஷெட்டுக்கு வருவார்கள். அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஷெட்டுக்குப் போய்விடுவார்களே என்று எனக்குக் கவலை.

இந்தப் பக்கம் தோலில் காசு பார்க்காத குடும்பம் குறைவு. ஆனால் அந்த நாற்றம் மட்டும் யாருக்கும் வேண்டாம். எனக்கும் வேண்டாம். தோல் வண்டி டிரைவர்களை வெளியே வேப்ப மரத்தடியில் உட்காரச் சொல்வேன், கார் டிரைவர்களை உள்ளே பெஞ்சில் உட்கார வைப்பேன். அப்போது இது எனக்குத் தப்பாகவே படவில்லை.

தனபால் சொன்னது

தனபால் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடுகிற ஆலையில், பதினோரு வருஷமாக மினி லாரி ஓட்டினான். முதலாளி ரஃபீக் பாய். காலையில் மண்டியிலிருந்து பச்சைத் தோல் ஏற்றிவந்து யார்டில் இறக்க வேண்டும். பிறகு வண்டியைக் கழுவி, பதம் பண்ணின தோலை மதியத்துக்குள் ஆம்பூர் ஃபினிஷிங் யூனிட்டில் சேர்க்க வேண்டும். நாட்றம்பள்ளிக்காரன், அதிகம் பேசமாட்டான். நானும் அவனும் சிரித்துப் பேசின ஆட்கள் இல்லை. ஆனால் அவன் ஓட்டின வண்டியில் கிளட்ச் பிளேட் மற்ற வண்டியைவிட இரண்டு மடங்கு நாள் வரும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

போன வருஷம் வெயில் காலத்தில் முதல் தடவை வந்தான். செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை, ஒரு மணி நேரம் விட்டால் தானாகப் பிடிக்கிறது என்றான். சில நாள் ஒரு தொல்லையும் இல்லையாம். சில நாள் ஆம்பூர் டிரிப்பே போய்விடுகிறதாம்.

வண்டி கழுவி, காய்ந்து, பளபளவென்று நின்றது. சாவியைத் திருகினேன். முதல் அடியிலேயே பிடித்தது. பத்துத் தடவை அணைத்து அணைத்துப் போட்டேன், பத்துத் தடவையும் பிடித்தது. பேட்டரி, செல்ஃப் மோட்டார் பார்த்தேன். டீசல் லைனில் ஏர் வாங்குகிறதா என்று பார்த்தேன். ஸ்கேனர் மாட்டினேன், ஃபால்ட் வந்தால் பதிகிற எரர் கோடு ஒன்றும் இல்லை. டீசல் பிரஷர் சரி, இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சார் சிக்னலும் சரி. டீசல் ஃபில்டரை மாற்றி அனுப்பினேன். ஒன்றும் கிடைக்காதபோது ஃபில்டரை மாற்றுவது எங்கள் தொழிலில் விபூதி பூசி அனுப்புகிற மாதிரி.

எட்டு நாளில் திரும்பி வந்தான். மறுபடி கழுவிய வண்டி, மறுபடி முதல் அடி. மூன்றாவது தடவை வந்தபோது அவனே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான்.

"ண்ணா, வழியில எங்கயும் நிக்கல. யார்டுல லோடு இறக்குறப்ப தான் இது. நம்ம யார்டு சரிவு, மூக்கு கீழ பாத்து நிக்கும். எறக்கி முடிச்சி சாவி போட்டா புடிக்காது. காஞ்ச தோலு வந்தா ஒண்ணும் இல்ல. ஈரத் தோலு வந்தா பேஜார் பண்ணுது. ஒருவாட்டி யார்டுக்கு வந்து பாருங்களேன்."

இந்த நாலு வரியில் முழு விடையும் இருக்கிறது. இன்றைக்குப் படிக்கிற உங்களுக்கே தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. தோலுக்கும் இன்ஜினுக்கும் என்னப்பா சம்பந்தம், ஆட்டுத்தோல் ஏற்றினால் பிடிக்கும், மாட்டுத்தோல் ஏற்றினால் பிடிக்காதா என்று கேட்டுச் சிரித்தேன். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். யார்டுக்கு வர நேரம் இல்லை என்றேன். நேரம் இருந்தது. தோல் இறக்குகிற யார்டில் அரை நாள் நிற்க எனக்கு மனசு இல்லை, அவ்வளவுதான்.

ஒரு வாக்கியம்

அதற்கு அடுத்த வாரம் ரஃபீக் பாய் போன் செய்தார். நல்ல மனுஷர், எடுத்தெறிந்து பேசமாட்டார். அந்த மாதத்தில் மட்டும் ஐந்து தடவை ஆம்பூர் சரக்கு நேரத்துக்குப் போகவில்லை. அங்கே ஆட்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், யூனிட்காரர்கள் தன்னைப் பிடித்து உலுக்குகிறார்கள் என்றார்.

"மிஸ்திரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வண்டில ஃபால்ட் இருக்குதா, இல்லியா?"

தெரியவில்லை பாய் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இருபத்தைந்து வருஷ மெக்கானிக், ஸ்கேனர் வேறு வாங்கி வைத்திருக்கிறேன், தெரியவில்லை என்று ஒரு முதலாளியிடம் எப்படிச் சொல்வது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதையும் தாண்டிப் போனேன்.

"வண்டில ஒண்ணும் இல்ல பாய். ஆளு கையில தான் இன்னாவோ இருக்குது."

பாய் சரி என்று போனை வைத்துவிட்டார். ரெண்டாவது டிரிப்புக்குச் சோம்பிக்கொண்டு தனபால் வேண்டுமென்றே வண்டியை நிறுத்துகிறான் என்று யார்டில் ஏற்கெனவே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. என் வாக்கியம் போய் அதன்மேல் சரியாக உட்கார்ந்துகொண்டது. அந்த சனிக்கிழமை தனபாலிடம் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. உடனே ஒரு சமாதானமும் வந்தது. அவர் கேட்டார், நான் சொன்னேன், அனுப்பினது அவர்தானே. இப்படிப்பட்ட சமாதானங்களுக்குப் பஞ்சமே வராது.

கழுவாமல் வந்த வண்டி

மூன்று வாரம் கழித்து, பட்டப்பகலில், அதே வண்டி என் ஷெட்டுக்கு நூறு அடி முன்னால் ரோடில் நின்றுவிட்டது. புது டிரைவர். எதிரே மாடு வந்ததென்று சடன் பிரேக் அடித்தானாம், இன்ஜின் ஆஃப் ஆகிவிட்டது. திரும்பப் பிடிக்கவில்லை. என் சட்டம் அவனுக்குத் தெரியாது. நாலு பேரைப் பிடித்து லோடோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். ஈரத் தோல், உப்புத் தண்ணி, ஈக்கூட்டம். வாய்க்கு வந்தபடி கத்தினேன். கத்தி முடித்ததும், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்கேனரை மாட்டினேன்.

கிராங்க் சென்சார் சிக்னல் இல்லை என்று கோடு காட்டியது.

இத்தனை நாள் ஏன் காட்டவில்லை? வாட்டர் சர்வீஸில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் தண்ணி அடிப்பார்கள். இது பழைய மாடல், பேட்டரி ஒயர் கழன்றால் பதிந்திருந்த கோடு அழிந்துவிடும். நான்தான் கழுவச் சொன்னேன். ஃபால்ட் இருந்ததற்கான சாட்சியை ஒவ்வொரு தடவையும் நானே அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். கேபினுக்குப் பின்னால், பாடியின் முன் ஓரத்துப் பலகை இடுக்கிலிருந்து உப்புத் தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது. நேர் கீழே சேஸிஸில் கிராங்க் சென்சாரின் கப்ளர், அதாவது ஒயர்கள் சேருகிற பிளாஸ்டிக் மூட்டு. சொட்டுகிற தண்ணி அதன்மேல் விழுந்து உள்ளே இறங்கியது. தனபால் ஒருநாளும் அடிக்காத சடன் பிரேக் அடித்தாலோ, சரிவில் மூக்கு கீழாக நின்றாலோ, பாடியில் தேங்கின தண்ணி மொத்தமும் முன்னால் ஓடி வரும். வந்தால் கப்ளர் நனையும், சிக்னல் செத்துவிடும், இன்ஜின் பிடிக்காது. வடிந்து காய்ந்தால் மறுபடி உயிர் வரும். கப்ளரைப் பிரித்தேன். உள்ளே இருந்த ஒயர் பின்களில் எல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மூன்று தடவை வந்தபோது ஒரு தடவையாவது இதைப் பிரித்திருந்தால் தெரிந்திருக்கும். சிக்னல் சரியாக இருக்கிறதே என்று கை வைக்கவில்லை.

கஷ்டமான ஃபால்ட் கிடைத்தால் எங்களுக்கு ஒரு சந்தோஷம் வரும், டீ சொல்லிவிட்டுக் குடிப்போம். அன்றைக்கு டீ சொல்லவில்லை. ஒரு சொட்டு என் கண்ணில் விழுந்து எரிந்தது, துடைக்கக்கூடத் தோன்றாமல் கிடந்தேன். தனபால் சொன்ன சரிவு, ஈரத் தோல், இறக்குகிற நேரம், எல்லாம் ஒவ்வொன்றாக என் தலைக்குமேல் நின்றது.

புதுக் கப்ளர் போட்டு, ஒயரை மேலே தூக்கிக் கட்டி, ரப்பர் மூடி போட்டேன். அதற்குப் பிறகு அந்த வண்டி நிற்கவே இல்லை.

நாலு நாள்

கப்ளர் போயிருந்தது, மாற்றிவிட்டேன் என்று பாயிடம் போனில் சொன்னேன். தனபால் பெயரை எடுக்கவில்லை. அப்படியே விட்டுவிடலாமா என்று நாலு நாள் யோசித்தேன். அந்த நாலு நாளை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு அசிங்கமாக இருக்கிறது. ஐந்தாம் நாள் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

பாய் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நான் வண்டிய பாக்கல, அவனயும் பாக்கல. ஒன் வார்த்தைய பாத்தேன், மிஸ்திரி" என்றார். தனபாலைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். புது டிரைவர் ஒரு தப்பும் செய்யவில்லை, பிள்ளைகுட்டிக்காரன், அவனை இன்னா சொல்லி அனுப்புவது என்று என்னையே கேட்டார்.

தனபாலைத் தேடிப் போனேன். பேர்ணாம்பட்டு ரோடில் ஒரு தோல் மண்டியில் உப்புத் தட்டிக்கொண்டிருந்தான். தோலை விரித்து, கட்டி கட்டியாக ஒட்டியிருக்கிற உப்பைத் தட்டி உதறுகிற வேலை. இரண்டு மூன்று டேனரியில் டிரைவர் வேலை கேட்டிருக்கிறான். இங்கே முதலாளிகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். பாயிடம் வேலையை விட்டு ஏன் நின்றாய் என்று கேட்பார்கள், அங்கே ஒரு போன் போடுவார்கள், "ஆளு கையில இன்னாவோ இருக்குது" என்கிற வாக்கியம் அவனுக்கு முன்னால் போய் நிற்கும்.

கப்ளர் விஷயத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். கை வேலையை நிறுத்தாமல் கேட்டான். உள்ளங்கை முழுக்க உப்பு அறுத்து வெடிப்பு. கடைசியில்தான் நிமிர்ந்தான்.

"கண்டுபுடிக்கலன்னு எனக்கு கோவம் இல்லணா. தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வேலூர் இட்டுனு போய் வேற எடத்துல காட்டியிருப்பேன். நீங்க ஒண்ணும் இல்லன்னு சொல்ட்டீங்க. அப்புறம் நான் யாருகிட்ட போய் இன்னாத்த காட்றது?"

போங்கணா, இங்கே நின்றால் உங்கள் சட்டையில் நாற்றம் ஏறிவிடும் என்றான். குத்திக்காட்டினானா, உண்மையாகவே சொன்னானா, தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

தம்பிகளுக்கு

விட்டு விட்டு வருகிற ஃபால்ட்டை ஷெட்டில் தேடாதீர்கள். அது எங்கே, எந்த லோடில், எந்த நேரத்தில் வருகிறதோ அங்கே நீங்கள் போய் நில்லுங்கள். வண்டி எப்படி நின்றதோ அப்படியே வரட்டும், சேறும் நாற்றமுமாக வரட்டும். பேட்டரி ஒயரைக் கழற்றுவதற்கு முன்னால் கோடு பாருங்கள். ஓட்டுகிறவன் சொல்வதை, அது எவ்வளவு கோமாளித்தனமாக இருந்தாலும், ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் "எனக்குக் கிடைக்கவில்லை" என்று சொல்லுங்கள். "வண்டியில் ஒன்றும் இல்லை" என்று சொல்லாதீர்கள். இரண்டும் ஒன்று இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆளின் சோறு இருக்கிறது.

கழுவு என்று எழுதின போர்டை எடுத்துவிட்டேன். கார்க்காரர்கள் கொஞ்சம் பேர் குறைந்தார்கள், போகட்டும்.

இந்தத் தை மாதம் ஒரு டேனரி முதலாளி புது லாரி எடுத்து, நல்ல டிரைவராகச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டார். தனபால் பெயரைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "அந்த ஆளா? வண்டிய நிறுத்தி நிறுத்தி மொதலாளிய சதாய்ப்பானாமே" என்றார். இல்லை, அவனிடம் ஒரு தப்பும் இல்லை, அந்தப் பேச்சைக் கிளப்பினதே நான்தான், என் வாயால் வந்தது என்று உட்கார வைத்துக் கப்ளர் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். எழுந்திருக்கும்போது என் தோளைத் தட்டினார்.

"மிஸ்திரி, நீங்க நல்ல மனுஷன். அடுத்தவன் பொழப்புக்காக பழிய ஒங்க தலைல போட்டுக்கிறீங்க."

வேறு டிரைவரைப் போட்டுக்கொண்டார். லாரி மட்டும் தவறாமல் என்னிடம் சர்வீஸுக்கு வருகிறது.