வட்டி இல்லாத பணம்

வட்டி கேட்காமல் ஒருவர் கொடுக்கும் பணத்தைக் கடன் என்பதா, உதவி என்பதா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மண்டபத்தில் என் கணவர் சொந்த வள்ளத்தில் மீன் பிடிக்கிறார். போன வருஷம் நைலான் வலை வாங்க மீன் வியாபாரி ஒருவர் முன்பணம் கொடுத்தார். வட்டி கிடையாது, பிடிக்கும் மீனை அவரிடமே போட வேண்டும். எட்டாவது வரை படித்த நானும் கணக்குப் போட்டு, நமக்குத் தாங்கும் என்றேன்.

மறுநாள் இவர் கடலுக்குப் போகவில்லை; காலையில் குழந்தைக்கு மீன் வாங்கக் கரைக்குப் போனேன். அதே வியாபாரியிடம் முன்பே பணம் வாங்கியிருந்த பக்கத்து வீட்டு மரியம் அக்காவின் கூடை நிறைந்திருந்தது. நாலு மீன் கேட்டேன்.

"இது எங்க மீனு இல்ல தாயி, மொதலாளி மீனு. இப்பத்தான் ஒருத்தன் கூடுதல் வெலைக்குக் கேட்டான். குடுக்க முடியுமா? பணம் குடுத்தவுக சொல்றதுதான் வெல."

வீட்டுக்கு ஓடினேன். வலை வாங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்த கணவரைத் தடுத்தேன்.

"நீதான வாங்கச் சொன்னே? இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திருப்பிக் குடுக்க?" என்று கத்தினார். ஆனாலும் அன்றே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது யார் பணம் தருவதாகச் சொன்னாலும், எங்கள் மீனுக்கு விலை சொல்வது யார் என்றுதான் முதலில் கேட்கிறேன். காற்று மாறி வலை வெறுமையாக வரும் மாதங்களிலும் கடனை அடைக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

ஆனால் மற்றவர்கள் நைலான் வலையில் மீனை அள்ளி வரும்போது, இவர் பழைய பருத்தி வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருக்கிறார். நான் பயந்து அவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனா? கடலை நம்பி வாழும் சகோதரிகளே, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எழுதுங்கள்.