விருந்தினர் புத்தகத்தில் என் கையெழுத்து

முதலே சொல்லிவிடுகிறேன், பேய், முற்பிறப்பு, சாத்திரம் இதெல்லாம் என் பக்கம் வராது. என் சொந்தக் கலியாணத்துக்கே நான் நாள் பார்க்கவில்லை, மனைவி வீட்டார் பார்த்தார்கள், சொன்ன நாளில் போய் நின்றேன், அவ்வளவுதான். ஆகவே இதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தால் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

எண்பத்தாறாம் வருடக் கோடை. நான் சுவிசுக்கு வந்து ஒரு வருடமும் கொஞ்ச மாதங்களும் ஆகியிருந்தன. அகதி மனு கொடுத்து, விசாரணை முடிந்து, பதிலுக்காகக் காத்திருந்த காலம். லாங்கன்தாலில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். அதே சமையலறையில் குலம் அண்ணை மரக்கறி வெட்டினார். அவர் பருத்தித்துறை, நான் கொக்குவில். ஊரில் ஒருவரையொருவர் கண்டதே கிடையாது, அகதி விடுதியில் பக்கத்துக் கட்டில் கிடைத்ததுதான் பழக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

சமையலறைக்கு வர்ணம் அடிக்கிறோம் என்று முதலாளி மூன்று நாள் கடையைப் பூட்டினார். எங்களிடம் இரண்டு பழைய சைக்கிள்கள் இருந்தன. நாட்டைப் பார்க்க வேண்டும் என்று குலம் அண்ணைக்கு ஆசை. ஒரு சிறிய ஊரில் அறை எடுத்து, அங்கிருந்து தினமும் ஒரு பக்கம் ஓடிவிட்டு வருவது என்று முடிவு. எந்த ஊர் என்பதில்தான் இழுபறி. சோலோதுர்னில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், சோறு கிடைக்கும் என்றார் அவர். அது மிகக் கிட்ட, அங்கே போவதற்கு எதற்கு மூன்று நாள் என்றேன் நான். வரைபடத்தை மேசையில் விரித்து, மலை இல்லாத இடமாகத் தேடினேன், ஏனென்றால் இரண்டு சைக்கிளிலும் கியர் இல்லை. ஆரெ ஆற்றை ஒட்டியபடி விரலை ஓட்டிக்கொண்டு போய் பியூரன் என்ற ஊரில் நிறுத்தினேன். அந்தப் பெயரை அன்றுதான் முதலில் வாசித்தேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

விடியக் கிளம்பி, சோலோதுர்னில் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டு, ஆற்றங்கரையால் போனோம். புல் வெட்டுகிற உழவு இயந்திரத்தின் பின்னால் நாரைகள் வரிசையாக நடந்து போனதைப் பார்த்து குலம் அண்ணை சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பின்னேரம் மூன்று மணிபோல மரப்பாலத்தைக் கடந்து ஊருக்குள் நுழைந்தோம். விடுதி ஒன்று கண்ணில் பட்டது. வாசலில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா நின்றார். விடுதிக்காரி. என்னைப் பார்த்ததும் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் வந்துவிட்டீர்களா என்று கேட்டார். எனக்கு அந்த அளவு ஜெர்மன் விளங்கும். இல்லை, இப்போதுதான் முதல்தடவை என்றேன். அவர் பகிடியாக எடுத்துக்கொண்டு ஐந்தாம் இலக்க அறைத் திறப்பைத் தந்தார். யன்னல் பூட்டாது, உங்களுக்குத்தான் தெரியுமே என்றார்.

"இவைக்கு எங்கட ஆக்கள் எல்லாருக்கும் ஒரே முகம்தான்," என்றார் குலம் அண்ணை. நானும் அப்படித்தான் நினைத்தேன். யன்னல் உண்மையாகவே பூட்டவில்லை, அவர் தன் காலுறையைச் சுருட்டி இடுக்கில் வைத்தார். நீங்கள் எதிர்பார்ப்பதுபோல இரவில் எதுவும் நடக்கவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. அடித்துப் போட்டதுபோல நித்திரை கொண்டேன்.

காலையில் நல்ல மழை. நாங்கள் கோப்பி குடித்துக்கொண்டு இருந்தபோது அந்த அம்மா ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்தார். தங்கிப் போகிறவர்கள் இரண்டு வரி எழுதிவிட்டுப் போகும் புத்தகம். பக்கங்களைப் புரட்டி, ஒரு இடத்தில் விரல் வைத்து, உங்கள் எழுத்து எவ்வளவு அழகு, என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அடுப்படிக்குப் போனார்.

தமிழ். நீல மையில் நான்கு வரி. நம்பினால் நம்புங்கள், அது என் எழுத்து. சாய்வு, இழுப்பு எல்லாம் என்னுடையது. கீழே என் முழுப்பெயர், கையெழுத்து, கையெழுத்துக்கு அடியில் நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து போட்டுவரும் இரண்டு புள்ளி. அதற்கு முன்னும் பின்னும் வேறு ஆட்கள் ஜெர்மனில் நெருக்கி எழுதியிருந்தார்கள், இடையில் பிறகு செருக இடமே இல்லை. 'இரண்டு நாள் தங்கினேன். ஆற்றங்கரைப் பாதையில் மேடு பள்ளம் இல்லை. ஐந்தாம் அறை யன்னல் பூட்டாது. குலம் அண்ணை இல்லாமல் வந்திருக்கிறேன்.' இவ்வளவுதான். திகதி, நான்கு வருடத்துக்கு முந்திய ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை.

குலம் அண்ணை வாசித்தார். பிறகும் வாசித்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. நீ முந்தியும் இந்த நாட்டுக்கு வந்து போனனியோ?"

"அம்மாவாணை இல்லை அண்ணை."

"அப்ப என்ர பேரை ஆர் எழுதினது? உனக்கு அப்ப என்னைத் தெரியாதே."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே நின்றேன் என்பது நன்றாகத் தெரியும், அன்று என் தங்கையின் கலியாணம், நான்தான் தோழன், கொக்குவிலில் பட்டுவேட்டியோடு நின்றேன். அதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய்போல இருந்தது. விசாரணையில் நான் எண்பத்தைந்தில் வந்ததாக எழுதிக் கொடுத்திருந்தேன். இந்தப் புத்தகம் அதிகாரிகள் கையில் போனால் சொன்னதெல்லாம் பொய் என்று என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பிடித்தும்விட்டேன். மறுபக்கத்தில் ஒரு குழந்தை நாரை ஒன்றைக் கலர்ப் பென்சிலால் கீறியிருந்தது. அதைப் பார்த்ததும் கை விட்டுவிட்டது, ஏன் என்று கேட்டால் தெரியாது.

குலம் அண்ணையின் முகம் மாறிவிட்டது. அந்தக் காலத்தில் யார் எந்த இயக்கத்தின் ஆள், யார் உளவாளி என்று ஒருவருக்கும் தெரியாது, பக்கத்துக் கட்டிலில் படுப்பவனையும் சந்தேகப்பட்ட காலம். நான் ரயிலில் போறன் என்று மட்டும் சொன்னார். அந்த மழையிலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனார். நான் பின்னால் ஓடவில்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

பிறகு நானும் சாமானைக் கட்டிக்கொண்டு, நனைந்தபடி லாங்கன்தாலுக்குச் சைக்கிள் ஓடி வந்தேன். ஒன்றரை மாதம் ஒரே சமையலறையில் நின்றும் நாங்கள் கதைக்கவில்லை. கத்தியைத் தா, தண்ணியைப் பூட்டு, அவ்வளவுதான். தங்கைக்குக் கடிதம் போட்டேன், கலியாணப் படம் ஒன்று அனுப்பச் சொல்லி. வந்தது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நான், கழுத்தில் மாலை, படத்தின் பின்னால் ஸ்டூடியோக்காரன் குத்திய திகதி முத்திரை. குலம் அண்ணை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். பிறகு என்னிடம் தந்துவிட்டு, "சாப்பிட்டியோ?" என்று கேட்டார். அதோடு சரி.

மனு தள்ளுபடியாகவில்லை, வதிவிட அனுமதி கிடைத்தது. அந்தப் புத்தகத்தை ஒருவரும் தேடி வரவில்லை. குலம் அண்ணையும் நானும் முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாகவே இருந்தோம், அவருடைய பிள்ளைகள் என்னைச் சித்தப்பா என்பார்கள். ஆனால் அவர் என்னோடு பிறகு ஒருநாளும் சைக்கிளில் ஏறவில்லை. முன்போன பனிக்காலம் தவறிவிட்டார்.

அவருக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவர் நிலையத்துக்குப் போன பிறகு நான் அறைத் திறப்பைக் கொடுக்க இறங்கினேன். அந்த அம்மா கதவு வரை வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, என்னைச் சங்கடப்படுத்தக்கூடாது என்பதுபோல, குரலைத் தாழ்த்தித் தன் தலைமுடியைத் தொட்டுக் காட்டினார். போனமுறை உங்கள் தலை முழுக்க வெள்ளையாக இருந்ததே, இந்த மை உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது என்றார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

இந்த வயதிலும் உங்களுக்கு ஏன் இந்தக் கோலம், பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று மனைவி கேட்பாள். மாதத்துக்கு ஒருதடவை, வேர் வெளுக்க முதல், தலைக்கு மை பூசிவிடுகிறேன்.