அம்மா திருத்தக்கூடிய கோப்பு

மாலை நாலு பத்துக்குத் தம்பியோடு வேலை செய்பவர் போன் செய்தார். லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் கருவிப் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வயது. இன்றோடு பதினோரு நாள்.

வீட்டில் நான் பெரியவன், அவன் சின்னவன். கம்ப்யூட்டர் படித்தது நான். லிஃப்ட் மெக்கானிக்கான அவன் தானாகக் கற்றுக்கொண்டு, அப்பாவுக்கு மாத்திரை நேரத்தில் மணியடிக்க ஒரு சின்ன நிரல் எழுதினான். பார்ப்பவர்களிடமெல்லாம் அம்மாவுக்கு அதே பேச்சு. எனக்கு வயிறு எரிந்தது.

நேரங்களை எந்த வடிவக் கோப்பில் வைப்பது என்பதில்தான் சண்டை. அலுவலகத்தில் நாங்கள் பயன்படுத்தும் ஜேசன் வடிவம் என்றேன் நான். அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் காற்புள்ளியுமாக இருக்கும். அவன் மசியவில்லை. மாத்திரையின் பெயர், சமக்குறி, நேரம், அவ்வளவுதான் வேண்டும் என்றான். அரைப்புள்ளியில் தொடங்கும் வரியை நிரல் படிக்காது. அதில் அம்மாவுக்குக் குறிப்பு எழுதலாமாம். ஜேசனில் அதற்கு வழியில்லை.

"டாக்டர் நேரத்தை மாத்தினா அம்மாவே மாத்திக்கணும்ண்ணே."

"இதென்ன லிஃப்ட் பட்டனா?"

"பட்டனைத்தானேண்ணே எல்லாரும் அமுக்குறாங்க. மோட்டாரை யார் பார்க்கிறா?"

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குள் தைத்தது. அவன் இல்லாத ஒரு நாள், யாருக்கும் சொல்லாமல் எல்லாவற்றையும் ஜேசனுக்கு மாற்றினேன். அம்மா ஒரு நேரத்தைத் திருத்தப்போய்க் காற்புள்ளியை அழித்துவிட்டாள். நிரல் படுத்துக்கொண்டது, மணி அடிக்கவில்லை, அப்பாவுக்கு ஒரு வேளை மாத்திரை தவறியது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. சின்னவன் கோப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"என் தப்புதான்மா," என்றான்.

அதற்கும் அம்மா அவன் தலையைத்தான் தடவினாள்.

துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரும் அவன் சரிசெய்து கொடுத்த ஏதோ ஒன்றைச் சொன்னார். என்னைப் பற்றி எதைச் சொல்வார்கள் என்று மூலையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். செத்தவன்மேல்கூட எனக்குப் பொறாமை விடவில்லை.

இன்று அந்தக் கோப்பைத் திறந்தேன். பழைய வடிவத்துக்கே திருப்பியிருந்தான். அடுத்த மாதம் தொடங்க வேண்டிய இரவு மாத்திரைக்கு மேலே ஒரு குறிப்பு: "அம்மா, இதைத் தொடாதே. சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயான்னு அண்ணன் டாக்டர்கிட்ட கேட்டு எழுதட்டும். அவன்தான் சரியா கேட்பான்."

கீழே மாத்திரையின் பெயரும் சமக்குறியும் இருக்கின்றன. நேரம் இன்னும் எழுதப்படவில்லை.