வண்டில் கட்டிப் படம் பார்த்த ஊர்

பஸ்தியாம்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அவன் உண்மை மட்டும்தான் பேசுவான். குடிக்கிறவனை ஊர் மன்னித்துவிடும். சீட்டாடுகிறவனையும் பெருநாளுக்குப் பெருநாள் மன்னித்துவிடும். ஆனால் நம்ப முடியாத உண்மைகளை முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டு திரிகிறவனை என்ன செய்வது? 'புளுகுப் பஸ்தி' என்று பெயர் வைத்துவிட்டுத் தங்கள் சோலியைப் பார்த்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. இங்கிலீசுக்காரனின் போர்க்கப்பல்கள் திருகோணமலைத் துறைமுகத்தைவிட்டுப் போய், சாமான் கப்பல்கள் வந்துகொண்டிருந்த காலம். அந்தக் கப்பல்களுக்கு மரக்கறி, முட்டை, உயிர்க்கோழி எல்லாம் கொடுத்து வந்தவர் மூதூர் முனாப் நானா. அவருடைய லோஞ்சுப் படகில் கூடைகளை ஏற்றிப்போய், கப்பல் ஏணியில் தொற்றி ஏறி மேலே கொடுப்பது பஸ்தியின் வேலை. லோஞ்சில் போகிற மற்றவர்கள் கப்பல்காரரிடம் சிகரெட் கேட்பார்கள், வாசனைச் சவர்க்காரம் கேட்பார்கள். படப் பைத்தியமான பஸ்தி ஒரேயொரு கேள்விதான் கேட்பான்.

"யுவர் கன்றி, பிக்சர் ஹவுஸ், ஹவ்?"

எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், உங்கள் நாட்டில் படமாளிகை எப்படி என்ற இந்தக் கேள்விக்கு முகம் மலர்ந்துவிடும். கிரேக்கக் கப்பலின் எஞ்சின்காரன் கைகளை விரித்து, கோடை காலத்தில் தங்கள் ஊரில் கூரையே இல்லாமல் படம் காட்டுவார்கள் என்றும், சுவரெல்லாம் மல்லிகை படர்ந்திருக்கும் என்றும் சொன்னான். யப்பான் கப்பலின் கிழட்டுக் குசினிச் சமையல்காரன், ஊமைப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று எல்லோருக்குமாகக் கதைப்பான் என்று சொல்லி, தானே ஆணாகவும் பெண்ணாகவும் கதைத்து அழுதும் காட்டினான். இங்கிலீசுக் கப்பலில் இன்னொரு கதை. படம் முடிந்ததும் அரசியை வாழ்த்தும் பாட்டுப் போடுவார்களாம். பாட்டுத் தொடங்கினால் அசையாமல் நிற்கவேண்டும் என்பதால், தொடங்க முன்னமே சனம் வாசலுக்கு விழுந்தடித்து ஓடுமாம். இந்தக் கதை ஊருக்கு மெத்தப் பிடித்துக்கொண்டது. வெள்ளைக்காரனும் ஓடுகிறானே என்று சந்தையில் ஒரு கிழமை முழுக்கச் சிரித்தார்கள்.

இவ்வளவையும் பஸ்தி முதலில் கொண்டுபோய்ச் சொல்வது றோசிடம். ஞானசேகரம் முதலாளியின் படமாளிகையில் பெண்கள் பக்கத்து ரிக்கெற் யன்னலுக்குப் பின்னால் இருப்பவள் றோஸ். பெண்கள் பக்கத்து வாசலில் ரோச்லைற்றோடு நிற்பவள் அவளுடைய தாய் மாகிரட்டக்கா. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இருந்த மரத்தட்டியை எவனாவது எட்டிப் பார்த்தால், அந்த ரோச்லைற் வெளிச்சம் அவன் மூஞ்சியில் விழும். படமே நின்றாலும் மாகிரட்டக்காவின் வெளிச்சம் நிற்காது. விதவை, கையில் ஒரே பிள்ளை, வாயில் எப்போதும் செபமாலை அல்லது ஏச்சு. பஸ்தி வந்து சொல்லும் நாட்டுக் கதைகளை மட்டும் அவளும் கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள்.

எல்லாம் அமெரிக்கக் கப்பல் வரும்வரைக்கும்தான்.

"மாகிரட்டக்கா, அமெரிக்காவிலை காருக்குள்ளை இருந்துகொண்டே படம் பாக்கினமாம்!" என்று மூச்சு வாங்க ஓடி வந்தான் பஸ்தி. "பெரிய வெளி. அங்காலை ஒரு திரை. காரைக் கொண்டுபோய் வரிசையா விட்டுட்டு, இறங்காமலே பாக்கிறது."

"மழை வந்தா?"

"கண்ணாடியிலை வைப்பரைப் போடுவினம்."

"சத்தம் எப்பிடிக் கேக்கும்?"

"காரிலை ஒரு சின்னப் பெட்டியைக் கொழுவி விடுவினம். அதுக்குள்ளாலை கதைக்கும்."

மாகிரட்டக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்ல கதிரை இருக்கேக்கை ஏன் தம்பி காருக்குள்ளை இருக்கோணும்?"

பஸ்தி தலையைச் சொறிந்தான். "அது எனக்கும் விளங்கேல்லை, அக்கா."

அந்த ஒரு சொல் அவனைக் கவிழ்த்துவிட்டது. பொய் சொல்கிறவனிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும் என்பது மாகிரட்டக்காவுக்கு ஏனோ தோன்றவில்லை. இவ்வளவு நாளும் கேட்டதெல்லாம் புளுகு என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டாள். நம்பி வாய் பிளந்திருந்தோமே என்ற கோபம் வேறு சேர்ந்துகொண்டது.

அந்தக் கிழமைதான் முனாப் நானா பஸ்திக்காக றோசைப் பெண் கேட்டுப் போவதாக இருந்தது. போனார். மாகிரட்டக்கா தேத்தண்ணி கொடுத்து மரியாதையாகத்தான் பேசினாள்.

"பெடியன் நல்லவன், நானா. குடி இல்லை. என்ரை பிள்ளைக்கும் விருப்பம். ஆனா வாய் திறந்தாப் பொய். அந்தக் கார்க் கதை பொய்யெண்டு என்னட்டை வந்து ஒத்துக்கொள்ளட்டும். வாற ஞாயிறே கோயிலிலை கலியாண அறிவித்தல் ஓலை வாசிப்பிக்கலாம்."

முனாப் நானா துள்ளிக்கொண்டு வந்தார். "இவ்வளவுதான் தம்பி! பொய்யெண்டு ஒரு சொல்லுச் சொல்லு, கலியாணம் முடிஞ்சுது."

"நடக்கிறதை நடக்கேல்லை எண்டு எப்பிடி நானா சொல்லுறது?" என்றான் பஸ்தி.

விசயம் றோசின் காதுக்குப் போனது. ரிக்கெற் யன்னலின் கதவைப் படாரென்று திறந்து அவள் கேட்ட கேள்வி வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. "உங்களுக்கு நான் பெரிசோ, அமெரிக்கா பெரிசோ?"

பஸ்தி மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தான். அமெரிக்கக் கப்பல்காரன் ஒருவனையே கூட்டிக்கொண்டு படமாளிகையில் மாகிரட்டக்கா நிற்கும் வாசலுக்கு வந்தான். செம்பட்டைத் தலை, நல்ல சிரிப்பு, பனைமர உயரம். அவன் சொல்லச் சொல்லப் பஸ்தி தமிழில் சொன்னான்.

"இவன் சொல்லுறது இவனுக்கும் உனக்கும்தானே தெரியும்?" என்றாள் மாகிரட்டக்கா. "எனக்கெண்டா, நீ குடுத்த கோழி நல்லா இருந்துதெண்டு சொல்லுற மாதிரிக் கிடக்கு."

நிலைமை சரியில்லை என்று அமெரிக்கனுக்கு விளங்கிவிட்டது. நல்ல மனுசன், உதவி செய்ய நினைத்தான். அங்கே கிடந்த மரவாங்கில் குந்தி, கார் ஓட்டுவதுபோல் கைகளைத் திருப்பினான். காரை நிறுத்தினான். கண்களை அகலத் திறந்து படம் பார்த்தான். மடியிலிருந்து எதையோ எடுத்துக் கொறித்தான். மாகிரட்டக்காவின் முகம் மெல்ல மெல்ல இளகியது. பஸ்தி மனதுக்குள் அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தான். அப்போதுதான் அமெரிக்கன் பக்கத்தில் ஒரு பெண் இருப்பதாகப் பாவித்து, தோளைச் சுற்றிக் கையைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் குவித்தான்.

"இயேசுவே!" ரோச்லைற் வெளிச்சம் பட்டப்பகலில் அவன் மூஞ்சியில் அடித்தது. "இதுக்குத்தானோ காருக்குள்ளை போறது? என்ரை பிள்ளையை இதுக்கோ கேட்டு வந்தனீ?"

புளுகன் என்ற பட்டத்தோடு வெட்கங்கெட்டவன் என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. றோஸ் மட்டும் யன்னலுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். அவன் சொன்னது உண்மை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் தாயிடம் யார் போய்ச் சொல்வது?

ஆனி மாதம் வந்தது. ஞானசேகரம் முதலாளி படமாளிகையின் பழைய தகரக் கூரையைக் கழற்றுவித்தார். புதுத் தகடுகள் கொழும்பிலிருந்து வரவேண்டும். வரவில்லை. பகல் வெயில் கதிரைகளைச் சுட்டது, மாலையில் காகம் வந்து பல்கனியில் குந்தியது. எடுத்து வைத்த படப்பெட்டிகள் சும்மா கிடக்க, முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, அமெரிக்கா மாதிரிச் செய்வம்," என்று அவர் முன்னால் போய் நின்றான் பஸ்தி. "டச்சுக்குடாக் கடற்கரையிலை திரையைக் கட்டுவம். படம் ஓட்டுற மிசினை லொறியிலை ஏத்துவம். ஊரிலை இருக்கிற கார் உங்கடை கார்தான். மற்றச் சனம் வண்டில் கட்டிக்கொண்டு வரட்டும்."

வேறு நேரமென்றால் முதலாளி அவனை வெளியே அனுப்பியிருப்பார். வழியில்லாத நேரம், சரி என்றார். முனாப் நானா திரைக்கென்று தோணிப் பாயைக் கொடுத்தார். றோஸ் இருந்து அதன் கிழிசல்களைத் தைத்தாள். தைத்தபடியே, "சரிவராட்டி நான் மடத்துக்குப் போய்க் கன்னியாஸ்திரி ஆகிடுவன்," என்று பஸ்தியிடம் சொன்னாள். அதை அவள் சிரிக்காமல் சொன்னாள்.

சனிக்கிழமை பொழுதுபட வண்டில்கள் வரத் தொடங்கின. சாம்பல்தீவிலிருந்து, உப்புவெளியிலிருந்து, கூண்டு கட்டிய வண்டில்கள், பாய் விரித்த வண்டில்கள், திருவிழாவுக்குப் போவதுபோல் சலங்கை கட்டிய மாடுகள். குடும்பம் குடும்பமாகச் சோற்றுப் பொட்டலத்தோடு வந்தார்கள். கடலிலும் மீன்பிடி வள்ளங்கள் வந்து சேர்ந்து, திரையின் பின்பக்கத்தில் நங்கூரம் போட்டன. பஸ்திக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வரிசை வரிசையாக எல்லோரையும் திரையைப் பார்க்க நிறுத்தினான். மிசின் ஓடியது, படம் விழுந்தது, சனம் ஓவென்று கூச்சல் போட்டது.

அது சந்தோசக் கூச்சல் இல்லை. காருக்கு முன்னால் ஒன்றும் இருக்காது. வண்டிலுக்கு முன்னால் மாடு இருக்கும். ஒவ்வொரு வண்டிலுக்கும் இரண்டு திமிலும் நாலு கொம்பும் திரையை மறைத்துக்கொண்டு நின்றன. அன்று படத்தை வடிவாகப் பார்த்தவை மாடுகள்தான்.

"பஸ்தி! அமெரிக்காவிலை மாட்டை என்ன செய்யிறவங்கள்?" என்று யாரோ கத்தினான்.

"அங்கை காருக்கு முன்னாலை மாடு இல்லை!" என்று உண்மையைச் சொன்னான் பஸ்தி. கடற்கரையே கொல்லென்று சிரித்தது. 'புளுகுப் பஸ்தி, புளுகுப் பஸ்தி' என்று வண்டில் சட்டங்களில் தட்டித் தாளம் போட்டார்கள். றோஸ் இருந்த பக்கம் பார்க்கப் பஸ்திக்குத் துணிவு வரவில்லை.

அப்போது ஒரு வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. மாகிரட்டக்கா! வாசலும் தட்டியும் இல்லாத இடத்தில் தனக்கென்ன வேலை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான். ஆனால் ஒழுங்கில்லாத கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியுமா?

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? மாட்டை அவிழுங்கோ! வண்டிலைத் திருப்புங்கோ! பின்பக்கம் திரைக்கு! நுகத்தை மண்ணிலை வையுங்கோ!"

திருப்பினார்கள். நுகம் மண்ணில் இறங்க, வண்டில்களின் பின்பக்கம் உயர்ந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு அது சாய்மனைக்கதிரையில் சாய்ந்ததுபோல் சுகமாக இருந்தது. அத்தோடு விட்டாளா? "பொம்பிளையள் வண்டிலுக்குள்ளை. ஆம்பிளையள் எல்லாரும் இறங்கி மண்ணிலை இருங்கோ. அதுதான் உங்கடை கலரி வகுப்பு!" முதலாளியே காரைவிட்டு இறங்கி மண்ணில் குந்தினார்.

பிறகு நடந்ததை அந்த ஊர் மறக்கவில்லை. கச்சான் காற்று பாயை ஊத, கதாநாயகியின் கன்னம் வீங்கி வீங்கி வற்றியது. படத்தில் ஒரு பசு கத்த, இருட்டுக்குள்ளிருந்து ஐம்பது மாடுகள் பதில் சொல்லின. பின்பக்கத்து வள்ளங்களிலிருந்து படத்தை இடம்வலம் மாறிப் பார்த்தவர்கள், கதாநாயகன் இடக்கையால் தாலி கட்டியதற்கும் சேர்த்துக் கைதட்டினார்கள். முதலாளியின் வெறுங்காருக்குள் றோஸ் தாயைப் பிடித்து இருத்தினாள். இத்தனை வருசமும் வாசலில் நின்று துண்டு துண்டாகப் படம் பார்த்த மாகிரட்டக்கா, அன்றுதான் ஒரு முழுப் படத்தை இருந்து பார்த்தாள். ரோச்லைற்றை அணைத்து மடியில் வைத்துவிட்டு, விக்கி விக்கி அழுதாள்.

மறுநாள் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் பெரிய கூட்டம். நடுவில் மாகிரட்டக்கா நின்றாள்.

"அமெரிக்காவிலையும் இதே முறைதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "காரைத் திருப்பித்தான் விடுறவை. பின்பக்கத்தாலைதான் பாக்கிறவை. ஆம்பிளையள் கீழை, பொம்பிளையள் உள்ளை. சும்மா சொல்லேல்லை. என்ரை மருமகன் சொன்னவர். அவர் பொய் சொல்லமாட்டார். அந்தா நிக்கிறார், கேட்டுப் பாருங்கோ."

கூட்டம் முழுவதும் திரும்பிப் பஸ்தியைப் பார்த்தது. அமெரிக்காவில் எவனும் காரைத் திருப்பி விடுவதில்லை. ஆம்பிளையைக் கீழே இறக்கினால் அந்தச் செம்பட்டைத் தலையன் செய்து காட்டியது எப்படி நடக்கும்? இல்லை என்று சொன்னால் ஊர் முன்னால் மாகிரட்டக்காதான் புளுகி. தாயின் தோளுக்குப் பின்னால் றோஸ் கண்ணை உருட்டினாள்.

"ஓம், மாமி," என்றான் பஸ்தி. "திருப்பித்தான் விடுறவை."

அடுத்த ஞாயிறு கோயிலில் பஸ்திக்கும் றோசுக்கும் கலியாண ஓலை வாசித்தார்கள். அவனை அதற்குப் பிறகு ஒருவரும் புளுகுப் பஸ்தி என்று கூப்பிடவில்லை.