தோட்டக் குறிப்பேட்டை அழித்தவள்

வேலையில் நான் கறார் பேர்வழி. பேக்கப் எடுக்காமல் எதையாவது தொலைத்துவிட்டு வந்து கையைப் பிசைகிறவர்களை முகத்துக்கு நேராகவே திட்டியிருக்கிறேன். அந்த வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என் கணவர் பைக் விபத்தில் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் நானும் மாமனாரும் மட்டும் இருந்தோம். அவர் தக்காளியைப் பார்த்துக்கொள்வார். நான் வீட்டில் இருந்தபடியே பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். கணவருக்கும் அதே தொழில்தான், தினமும் ஓசூர் போய் வருவார். தன் அப்பாவுக்காக அவர் ஒரு சின்ன மென்பொருள் செய்து வைத்திருந்தார். என்றைக்கு நாற்று நட்டது, எப்போது மருந்து அடித்தது, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது, எல்லாம் அதில் ஏறும். சாப்பிட்டுக்கொண்டே மாமா சொல்ல, இவர் லேப்டாப்பில் தட்டுவார். ஒவ்வொரு நாளுக்கும் கீழே ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் மட்டும் இவராக ஏதோ எழுதுவார்.

“நான் ரெண்டு வார்த்த சொன்னா இவன் பத்து வரி அடிக்கிறான். என்னத்தடா எழுதறன்னு கேட்டா சிரிக்கிறான்” என்று மாமா என்னிடம் குறை சொல்வார்.

கணவர் போன பிறகு ஒருமுறை அதைத் திறந்தேன். மூன்று குறிப்புகளுக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. உள்ளே நிறைய இருக்கிறது, உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று மாமாவிடம் சொன்னேன்.

“வருஷ திவசம் முடியட்டும் கண்ணு. இப்பப் படிச்சா எனக்குத் தாங்காது. அப்புறமா உக்காந்து ஒண்ணு வுடாம படிக்கிறேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த வாரமே பாலக்கோடு போய், படிப்பதற்கென்று கண்ணாடி வாங்கி வந்தார்.

ஆனால் கணவரின் பழைய லேப்டாப் திவசம் வரை தாங்கும் என்று தோன்றவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். அதனால் ஒரு சனிக்கிழமை மதியம் எல்லாவற்றையும் என் கணினிக்கு மாற்ற உட்கார்ந்தேன். அவர் அந்த மென்பொருளைக் கன்டெய்னருக்குள் வைத்திருந்தார். ஒரு மென்பொருள் ஓடுவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் சேர்த்து ஒரே பெட்டியாகக் கட்டிவிடும் முறை அது. எந்தக் கணினியில் ஏற்றினாலும் ஒரே மாதிரி ஓடும். ஆனால் நாம் எழுதிச் சேர்க்கும் தகவல்கள் பெட்டிக்குள் இருக்காது. அவை வால்யூம் என்கிற தனிக் கிடங்கில் இருக்கும். அதைத் தனியாகத்தான் எடுத்து வர வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

திரையில் கட்டளை தட்டும் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று என் கணினி. இன்னொன்று வைஃபை வழியாக அவருடைய லேப்டாப். தகவல்களை எடுப்பதற்கு முன்னால், காலிப் பெட்டியை என் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க நினைத்தேன். அது மூன்று முறை மக்கர் பண்ணியது. எனக்கு எரிச்சல் ஏறியது. ஆபீஸில் இப்படி ஆனால் நாங்கள் எல்லோரும் ஒன்றுதான் செய்வோம்: பெட்டியையும் கிடங்கையும் சேர்த்து அழித்துவிட்டு, முதலிலிருந்து ஏற்றுவோம். அங்கே கிடங்கில் இருப்பது சோதனைக்காக நாங்களே போட்ட பொய்த் தகவல்கள். ஒரு நாளில் பத்து முறை அழித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. கை அதற்குப் பழகிக் கிடந்தது. அந்தக் கட்டளையைத் தட்டினேன்.

‘நீக்கப்பட்டது’ என்று வரிசையாக வந்தது. கடைசி வரிக்குப் பிறகுதான் அது எந்த ஜன்னல் என்று பார்த்தேன். அவருடையது.

பெங்களூரில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஒருவர் சொன்ன வழியில் திங்கட்கிழமை வரை முயன்றேன். ஒரு வரிகூடத் திரும்பவில்லை. என் கணவரை இரண்டாம் தடவை நானே கொன்றுவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது. மிகையாகப் பேசுகிறேன் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

அன்று சாயங்காலம் மாமா கை கால் கழுவிக்கொண்டு வந்ததும் சொன்னேன்.

“ரிப்பேர் கடையில குடுத்தா எடுத்துத் தர மாட்டாங்களா?”

“எடுக்க முடியாதுங்க மாமா. நான்தான் அழிச்சிட்டேன்.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நீ கொஞ்சம் படிச்சேன்னு சொன்னியே. அது நெனப்பு இருக்குதா?”

இருந்தது. சொன்னேன். ‘அப்பா மருந்து அடித்த கையோடு சாப்பிட உட்கார்ந்தார். திட்டினேன்.’ ‘மோட்டார் காயில் கருகிப் போச்சு. அப்பா என்மேல் எரிந்து விழுந்தார். தப்பு என்னுடையதுதான்.’ ‘அப்பா புது நாற்றின் பெயர் சொன்னார். மறந்துவிட்டேன்.’

மூன்றாவதற்கு அவர் சிரித்துவிட்டார். “மறந்துட்டுத்தான் என்கிட்ட மறுபடியும் கேட்டான், கழுத” என்றார். மறுநாளும் கேட்டார். அதே மூன்றைச் சொன்னேன். அதற்கு மறுநாள், “வேற ஒண்ணும் நெனப்பு வரலியா?” என்று அவர் கேட்டபோது அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நானாக ஒன்றைக் கட்டிச் சொன்னேன். பிறகு தினமும் ஒன்று. மழையில் அப்பா நனைந்து வந்தது, அப்பாவுக்குக் காய்ச்சல் அடித்தது, அப்பா இல்லாவிட்டால் தனக்கு இந்தத் தோட்டமே வேண்டாம் என்பது.

அந்தக் கடைசியைச் சொன்ன அன்று மாமா தட்டில் கை வைத்தபடி என்னையே பார்த்தார்.

“அவனுக்கு இப்பிடியெல்லாம் எழுத வராது கண்ணு.”

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

அவர் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

“பரவால்ல” என்றார். “நாளைக்கும் ஒண்ணு சொல்லு.”