கித்தாக்காரிக்குச் சப்பாத்து

"இவளுக்குக் காலு மட்டும் சரியாவே வரலக்கா."

காலையில் துணி காயப்போட வெளியே வந்தால் எதிர்வீட்டு யோகேஸ்வரியின் புலம்பல் இதுதான். காதில் பென்சில், கையில் ஆறிப்போன கோப்பி. ஓரிடத்தில் உட்கார மாட்டாள். உள்ளே சோறு தீய்ந்துகொண்டிருக்கும், இவள் வாசலில் நடந்துகொண்டிருப்பாள்.

'இவள்' என்பது அவள் வரையும் சித்திரக்கதை நாயகி, கித்தாக்காரி. யோகேஸ்வரியின் அம்மா சிகாமட் பக்கம் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவிப் பால் எடுத்தவர். நாயகிக்கும் அதே கோலம். இடுப்பில் பூப்போட்ட பாத்தேக் சாரோங், மேலே ஆம்பளை முழுக்கைச் சட்டை, கையில் பால்கத்தி, நெற்றியில் விளக்கு. வெள்ளம் வந்தால் வாளியிலுள்ள ரப்பர் பாலைக் கயிறாக இழுத்து ஆட்களைக் கரையேற்றுவாள். எல்லாம் சரி, கால்தான் கோழிக்கால். வெறுங்கால் வேறு.

ஸ்கூடாய் காலைச் சந்தைக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில், மாதக் கடைசி ஞாயிறுகளில் புத்தகம் விற்க அவளுக்கு ஒரு மேசை கிடைத்தது. மேசைக்குப் பின்னால் தொங்கவிட கித்தாக்காரியை ஆள் உயரத்துக்குத் துணியில் வரைந்து, காயட்டும் என்று வீட்டு வாசல் கேட்டில் கட்டினாள்.

மறுநாள் கேட்டுக் கம்பியில் எலுமிச்சங்காய். படத்தின் காலடியில் குங்குமம்.

கத்தி, நெற்றி நடுவில் வெளிச்சம், வெறுங்கால். அம்மன் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் மரத்தடியில் மஞ்சள் துணி கிடந்தாலே அடுத்த வருஷம் திருவிழாதான். பேசாமல் உண்டியல் வை, புத்தகத்தைவிட நன்றாக ஓடும் என்றேன். யோகேஸ்வரி சிரிக்கவில்லை. எலுமிச்சங்காயை எடுக்கவும் பயம், விடவும் மனமில்லை.

"சாமின்னா பிள்ளைங்க கும்பிட்டுட்டுப் போயிடும்கா. நானும் இவள மாதிரி ஆவணும்னு எது நினைக்கும்?"

சனிக்கிழமை வரை அதே நடை. அன்று மூலை வீட்டுப் பேச்சியம்மாள் வந்தார். செருப்பை ரோட்டிலேயே கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். யோகேஸ்வரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் போனதும் உள்ளே ஓடி, கறுப்புச் சாயத்தோடு வந்து, அந்தக் கோழிக்காலின் மேலேயே முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து வரைந்தாள். சேறும் பூசினாள்.

சாயங்காலம் சூடம் கொளுத்த வந்த பேச்சியம்மாள் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன்டி, சாமிக்குச் சப்பாத்து மாட்டி வச்சிருக்க?"

"சாமி இல்ல பெரியம்மா. வேலைக்குப் போறவ."

மேலும் கீழும் பார்த்தார். கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அப்ப என் எலுமிச்சங்காயக் குடு. ஊறுகாய்க்கு ஆகும்."

இப்போது யோகேஸ்வரிக்குப் புதுப் புலம்பல், மேசைக்கு யாரும் வரமாட்டார்களாம். அங்கேயும் உட்காராமல் நடந்துகொண்டுதான் இருப்பாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவளையும் கித்தாக்காரியையும் பாருங்கள். செருப்பு மட்டும் காலிலேயே இருக்கட்டும்.