நைனாவின் படத்துக்கு ரோஜா மாலை

என் தகப்பனாரை நான்தான் சாகடித்தேன்.

பயப்படாதீர்கள். கத்தியில்லை, விஷமில்லை, நாக்கால். நான் அவரைக் கொன்ற அந்த நேரத்தில், உத்திரமேரூருக்கு இரண்டு மைல் தள்ளி, எங்கள் கழனியில் வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு திடகாத்திரமாக இருந்தார் என் நைனா. எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், செல்லமாகப் பிள்ளைகளையும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சென்னையில் பேர்பெற்ற ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், அது என்ன பாவம் செய்தது! எங்கள் ஊரிலிருந்து அந்த வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுதியில் முதல் நாள், மெஸ் வரிசையில் நின்று "சாம்பார் கீதா?" என்று கேட்டேன். 'இருக்கிறதா' என்பது எங்கள் ஊர் வாயில் அப்படித்தான் வரும். வரிசை முழுக்கச் சிரித்தது. அழுவதா, ஓடுவதா? மறுநாள் நானே இன்னும் இழுத்து, உரக்கக் கேட்டேன். "சாம்பார் கீதாஆ?" மறுபடியும் சிரித்தார்கள். ஆனால் இம்முறை சிரிக்க வைத்தது நான்! வித்தியாசம் புரிகிறதா உங்களுக்கு? அந்த வித்தியாசத்தில்தான் நான் குடியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சப்பாத்தி குருமாவுக்கு இங்கிலீஷிலேயே பேசும் மேசைக்காரர்கள்கூட எனக்கு இடம் பிடித்து வைப்பார்கள். குளியலறை வரிசையில் என் வாளி எப்போதும் முன்னால் போகும். கோமாளிக்கு எத்தனை மரியாதை!

அப்படியொரு ஞாயிறு, விடுதிக் காப்பாளரைப் போல நடந்து காட்டினேன். ஒருபக்கம் இறங்கிய தோள், நொடிக்கொரு தரம் மூக்குக்கண்ணாடியைத் தள்ளும் விரல்... திடீரென்று சிரிப்பு நின்றது. சிரிப்பு அப்படி நின்றால் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது கோமாளிக்குத் தெரியாதா!

"நாளைக்கு உங்க அப்பாவோட வா. இல்லேன்னா பெட்டியக் கட்டு."

"அப்பா இல்ல சார். போன வாரம் தவறிட்டார்."

யார் சொன்னது? நானா? என் வாயா? முழங்காலுக்கு மேல் கட்டிய வேட்டியோடு நைனா அந்த மெஸ் நடுவில் நிற்கும் காட்சி ஒரு கணம் கண்ணில் வந்து போனது. அவ்வளவுதான். அதற்குள் நாக்கு வேலையை முடித்துவிட்டது.

முந்தின வாரம் நான் ஊருக்குப் போய் வந்தது உண்மை. அது போதுமாயிருந்தது. காப்பாளரின் முகம் இளகிற்று. துக்கத்தை உள்ளே புதைத்துக்கொண்டு ஊரைச் சிரிக்க வைத்தவன் என்று ஒரே இரவில் நான் மகானாகிவிட்டேன்! பிறகு அவர் பார்வை மெல்ல என் தலைக்கு ஏறியது. தோள்வரை புரளும் சுருட்டை முடி.

"காரியத்தன்னிக்குத்தான் மொட்டை சார்," என்றேன்.

அந்த முடியை வளர்க்க எனக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று. திருவல்லிக்கேணி முடிதிருத்தகத்தில் அது கால்மணி நேரத்தில் தரையில் கிடந்தது. இப்போது அந்தச் செலவும் இல்லை. மொட்டை தானாகவே வந்துகொண்டிருக்கிறது.

அதற்கு முந்தைய நாட்களைக் கேளுங்கள். நான் நுழைந்தால் மேசை அமைதியாகும். தோளில் கை விழும். அறைத்தோழன் சேவியர், பாளையங்கோட்டைக்காரன், என் குறிப்பேட்டைத் தானே எழுதி வைத்தான். சிரிக்கக் கூடாத கோமாளியாய், தொண்டை வரை வந்த நகைச்சுவையைச் சோற்றோடு விழுங்கிக்கொண்டு... அடடா, அதுவல்லவா சிறை!

வெள்ளிக்கிழமை காரியம் என்று சொல்லிவிட்டு, மொட்டையோடு ஊருக்குப் போனேன். திருத்தணி வேண்டுதல் என்றேன். "சாமி உனுக்கு நல்ல புத்தி குட்த்துச்சி," என்று அம்மா என் தலையில் சந்தனம் தடவினாள். அந்தக் குளிர்ச்சி இன்னும் தலையில் இருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை, நைனா நெல் அரைக்க வாலாஜாபாத்துக்கு சைக்கிளில் கிளம்பிப் போனார். மத்தியானம் நான் சாலையோரம் நின்றிருந்தபோது பஸ்ஸிலிருந்து நான்கு பேர் இறங்கினார்கள். முன்னால் சேவியர். கையில் ரோஜா மாலை!

அவர்கள் என்னைப் பார்க்கும் முன் வரப்பு வழியே ஓடினேன். அந்த ஓட்டத்தைக் கல்லூரி விளையாட்டு விழாவில் ஓடியிருந்தால் கோப்பை கிடைத்திருக்கும்.

"ம்மா... நைனா செத்துட்டாருன்னு காலேஜுல சொல்லிக்கீறேன். நாலு பேரு துக்கம் கேக்க வந்துகினு கீறாங்க."

"இன்னாடா ஒளர்றே?"

அடுத்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விரலால் அவள் நெற்றியைக் காட்டினேன். ஆம், காட்டினேன். இந்த விரல்தான்.

அம்மா வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "உண்ம தெரிஞ்சா உம் படிப்பு பூடுமா?"

"பூடும்."

சேலைத் தலைப்பை எடுத்தாள். குங்குமத்தை இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் துடைத்தாள். தாலிக் கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளினாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாமே!

வந்தவர்கள் அவள் நெற்றியைப் பார்த்ததும் தலை குனிந்தார்கள். சுவரில் இருந்த, முகம் மங்கிப்போன கல்யாணப் படத்துக்கு சேவியர் மாலையைப் போட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் வாசலில் சைக்கிள் மணி...

"மில்லுல கரண்ட் இல்ல," என்று சொல்லிக்கொண்டே நைனா வந்து நின்றார். மனைவியின் நெற்றியைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இவரு... எங்க பெரியப்பா," என்றேன்.

நைனா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். அதற்கு அத்தனை நேரம் ஆகுமா?

"ஆமா தம்பிங்களா. செத்தவனுக்கு மூத்தவன் நானு," என்றார். அந்தச் சொல் வந்ததும் அம்மா, கணவனின் அண்ணன் எதிரில் ஒதுங்குவதுபோல், தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனாள்.

நைனா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மால கொஞ்சம் கோணலா கீது. நேராப் போடு நைனா," என்று சேவியரிடம் சொன்னார்.

சேவியர் சரிசெய்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உங்க தம்பி எப்படிப்பட்டவருங்க?"

"நல்லவன்தான். புள்ள இன்னா சொன்னாலும் நம்பிடுவான். அதான் ஒரே கொற."

அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பஸ் வரை போய் ஏற்றிவிட்டு வந்தார். மாலையைக் கழற்றி மாட்டுக்குப் போட்டார். "படிச்சி முடிச்சிட்டு வா," என்றார் என்னிடம். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி ஒரு சொல்... இல்லை. சாயங்காலம் விளக்கேற்றும் வேளையில் அம்மா மறுபடி பொட்டு வைத்துக்கொண்டாள். வழக்கத்தைவிடப் பெரிதாக.

படித்து முடித்தேன். சர்க்கார் உத்தியோகம். எட்டு ஆண்டு கழித்து நைனா நிஜமாகவே போனார், மாரடைப்பில். பொட்டழிக்க வந்த பெண்களை அம்மா தடுத்தாள். தானே தலைப்பை எடுத்தாள். இடமிருந்து வலமாக, ஒரே இழுப்பு. கூட்டத்தில் அது யாருக்குப் புரிந்தது, என்னைத் தவிர?

நைனா போனதை நான் சேவியருக்கு எழுதவில்லை. எழுதுவது எப்படி? அவன் ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழ்த்து அட்டையில் "பெரியப்பா நலமா?" என்று கேட்பான். நலம் என்று எழுதுவேன். உயிரோடிருந்தவரைக் கொன்றேன், செத்தவரை நலமாக வைத்திருக்கிறேன். என் திறமையைப் பார்த்தீர்களா!

இவ்வருட அட்டை நேற்று வந்தது. மாட்டுப் பொங்கலன்று குடும்பத்தோடு வருகிறானாம். பெரியப்பாவிடம் தன் பிள்ளைகளைக் காட்ட வேண்டுமாம்.

"யார் எழுதிக்கீறாங்க?" என்றாள் அம்மா. படித்துக் காட்டினேன். வேடிக்கையாகச் சொல்ல ஏதாவது வருமா என்று பார்த்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒன்றுமே வரவில்லை.

அம்மா வெறும் நெற்றியைப் புறங்கையால் ஒருமுறை தடவினாள்.

"இந்த வாட்டி நான் இன்னா பண்ணணும், சொல்லு."

இன்னும் சொல்லவில்லை. மாட்டுப் பொங்கலுக்கு ஒன்பது நாள் இருக்கிறது.